வேலைக்குச் செல்வோர் வீட்டில் வளரும் நாய்

தமிழகச் சிற்றூர்களில் நாய் வளர்த்தல் நெடுங்காலமாகத் தனியொருவரின் பொறுப்பாக இருந்ததில்லை. திண்ணையில் ஒரு முதியவர், கொல்லையில் வேலையாக ஒருவர், தெருவில் விளையாடும் பிள்ளைகள் என எந்நேரமும் ஆளரவம் இருந்த வீட்டில், வாசலுக்கு வெளியே விருப்பம்போல் திரிந்து பசித்தபோது வந்து உண்ட நாய் தனித்திருக்க நேர்ந்தது அரிது. அதே விலங்கு இன்று சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், கணவனும் மனைவியும் பணிக்குச் சென்றுவிட்ட வீட்டில், பூட்டிய கதவுக்குப் பின்னே பகல் முழுவதையும் கழிக்கிறது. வேலைக்குச் செல்வோர் நாய் வளர்க்கலாமா என்னும் கேள்வி இந்த மாற்றத்திலிருந்தே எழுகிறது. வளர்க்கலாம் என்பதே விடை. ஆயினும் நாயின் நலம் காலையும் மாலையும் காட்டப்படும் அன்பைவிட, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகற்பொழுது எவ்வாறு பகுக்கப்படுகிறது என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

வளர்ந்த நாய் ஒரு நாளின் ஏறத்தாழப் பாதியை உறக்கத்தில் கழிப்பதால், சில மணி நேரத் தனிமை அதற்குக் கேடு செய்வதில்லை. அந்த நேரம் நீளும்போதே சிறுநீரை அடக்கும் வேதனையும், அசைவின்மையும், துணையில்லாத கலக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. வீட்டுக்குள் வளரும் நாயைப் பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்றும், குட்டிகளையும் முதிய நாய்களையும் அதைவிட அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் ஸ்வீடன் நாட்டின் விதிகள் கூறுகின்றன. பிரிட்டனில் 1824இல் தோன்றிய விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இன்னும் கண்டிப்பாக, நான்கு மணி நேரத்துக்கு மேல் நாயைத் தனியே விட வேண்டாம் என்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஒன்பது மணி நேரம் பணியாற்றி, போக ஒரு மணி, வர ஒரு மணி எனப் பயணம் செய்பவர் பதினொரு மணி நேரம் வீட்டில் இருப்பதில்லை என்பதை இந்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அதிகாலையில் எவ்வளவு நேரம் நாயோடு நடந்தாலும் அந்த நீண்ட இடைவெளியை ஈடுசெய்ய முடியாது என்பது விளங்கும். நடுவில் மற்றொரு மனிதர் வந்து அதை இரண்டாகப் பிரிப்பதே வழி.

இந்தியச் சட்டமும் இக்கடமையை அறியாததன்று. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் விலங்குவதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்து, அரசே அத்தகைய சட்டத்தை இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்தபின் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவாக 1960இல் பிறந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வழக்கமாகக் கட்டிப்போட்டோ நெருக்கமான இடத்தில் அடைத்தோ வளர்க்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவதை வதை என்றே வகைப்படுத்துகிறது. வீட்டுக் காவலுக்கென்று குட்டைச் சங்கிலியில் நாள் முழுதும் நாயைக் கட்டிவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அறிய வேண்டிய பிரிவு இது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை என்ற அளவிலேயே அச்சட்டம் வைத்திருப்பதால், இக்கடமை நிறைவேறுவது தண்டனையின் அச்சத்தைவிட வளர்ப்பவரின் மனச்சான்றையே நம்பியிருக்கிறது.

தனிமையால் நாய்க்கு நேரும் துன்பங்களில் மிகுதியும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது பிரிவுப் பதற்றம் எனப்படும் நிலை. வளர்ப்பவர் பிரிந்த உடனே நாயைப் பீடிக்கும் கடும் அச்சத்துக்கு நடத்தையியலார் இட்ட பெயர் அது. இடைவிடாமல் ஊளையிடுதல், வாயில் எச்சில் ஒழுகுதல், வெளியேறும் கதவையும் சன்னலையும் பிறாண்டுதல், நன்கு பழகிய நாயும் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை பெரும்பாலும் ஆள் வெளியேறிய முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. பொழுது போகாமல் செருப்பைக் கடிக்கும் நாயும், அச்சத்தால் கதவைப் பிறாண்டும் நாயும் வெவ்வேறு நிலையில் உள்ளவை என்பதால் முன்னதற்கு வேலையும் விளையாட்டும் போதும், பின்னதற்குப் பயிற்சியும் சில வேளை மருத்துவமும் தேவைப்படும். எது நேர்கிறது என்பதை அறிய, பழைய கைப்பேசி ஒன்றை அறையில் வைத்துப் பதிவு செய்து பார்ப்பதே எளிய வழி.

மாலையில் களைத்துத் திரும்புபவர் கிழிந்த மெத்தையைக் கண்டு நாயைக் கடிந்துகொள்வதும், அது தலை தாழ்த்திக் காதை மடக்கிக்கொள்வதைக் கண்டு தன் தவறு அதற்குத் தெரிந்திருக்கிறது என்று முடிவுகட்டுவதும் பல வீடுகளில் நடப்பவை. நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் குற்றவாளித் தோற்றம் நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அமையாமல், மனிதர் கடிந்துகொண்டாரா என்பதைப் பொறுத்தே அமைவதைக் காட்டியது. பல மணி நேரத்துக்கு முன் நடந்ததற்கு இப்போது கிடைக்கும் தண்டனையை நாயால் தொடர்புபடுத்த முடியாது. வீடு திரும்பும் மனிதர் அச்சத்துக்குரியவர் என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்கிறது. ஏற்கெனவே பிரிவால் வாடும் விலங்குக்கு இது இரட்டைத் துன்பம்.

இப்பதற்றத்தைப் போக்கும் பயிற்சி எளியதாயினும் பொறுமையை வேண்டுவது. சாவியை எடுத்தல், காலணி அணிதல் போன்ற புறப்பாட்டு அடையாளங்களை, புறப்படாமலேயே பலமுறை செய்துகாட்டி அவற்றின் அச்சத்தை முதலில் குறைக்க வேண்டும். பின்னர் சில நொடிகள், சில நிமிடங்கள், கால் மணி என, நாய் கலங்கத் தொடங்கும் எல்லையைத் தாண்டாமல் பிரிவின் நேரத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கடுமையான நிலையில் கால்நடை மருத்துவர்கள் மருந்தும் தருகின்றனர். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் க்ளோமிப்ரமின் என்னும் மருந்தை 1998இலும், ஃப்ளூவாக்ஸெடின் என்னும் மருந்தை 2007இலும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென ஏற்றது. இம்மருந்துகள் பயிற்சிக்குத் துணையாகவே தரப்படுகின்றன. மனிதருக்கு எழுதப்பட்ட மாத்திரையை வீட்டிலிருந்து எடுத்து நாய்க்குக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். 2020இன் பொதுமுடக்கக் காலத்தில் வாங்கப்பட்ட குட்டிகள் மனிதர் எந்நேரமும் வீட்டிலிருப்பதையே இயல்பெனக் கருதி வளர்ந்தவை ஆதலால், அலுவலகங்கள் மீண்டும் திறந்தபோது இச்சிக்கல் பல குடும்பங்களைத் தாக்கியது. வீட்டிலிருந்து பணிபுரிபவரும் நாளுக்குச் சிறிது நேரம் நாயை வேறு அறையில் தனித்திருக்கப் பழக்குவது இதனாலேயே முக்கியமானது.

காலை, மாலை நடையைப் பொறுத்தவரை, மலசலம் கழிப்பதற்கான பத்து நிமிட அவசரச் சுற்று நாய்க்குப் போதாது. இனத்துக்கேற்பப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மோப்ப உணர்விகளைக் கொண்ட விலங்குக்கு, தெருவை முகர்வதே உலகை அறியும் வழி. கயிற்றை இழுத்து இழுத்து நடத்திச் செல்வதைவிட, அது நின்று முகரும் இடத்தில் நின்று கொடுப்பவர் அதே அரை மணி நேரத்தில் இரு மடங்கு நன்மை செய்கிறார். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய தென்மாவட்ட இனங்கள் வேட்டையில் ஓடப் பிறந்தவை என்பதால் அவற்றுக்கு நடை மட்டும் போதாது, ஓடவும் இடம் வேண்டும். நாய்க்குப் பாதங்களில் தவிர வியர்வை குறிப்பிடத்தக்க அளவில் சுரப்பதில்லை. மூச்சிரைத்தே அது உடலைக் குளிர்விக்கிறது. ஆகவே சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் ஏறுமுன்னும் இருட்டிய பின்னுமே நடக்க வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துச் சில நொடி பொறுக்க முடியாவிட்டால் பாதமும் பொறுக்காது. பகலில் பூட்டிய வீட்டில் மின்வெட்டு நேரலாம் என்பதால் காற்றோட்டமும் இரண்டு பாத்திரங்களில் தண்ணீரும் இன்றியமையாதவை.

நண்பகலில் வருபவர் யார் என்பதே எஞ்சிய கேள்வி. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்றிருப்பவர், வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி, கட்டணம் பெற்று நாயை நடத்திச் செல்பவர், தடுப்பூசிச் சான்று கேட்டுவாங்கும் பகல்நேரக் காப்பகம் என வழிகள் உண்டு. அப்படி வருபவருக்கு உரிய ஊதியம் தரப்பட வேண்டும், நாய் அவரோடு முன்பே பழகியிருக்க வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும். மூன்று மாதக் குட்டியால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. பழகும் பருவமாகிய மூன்று முதல் ஏறத்தாழ பதினான்கு வாரம் வரையிலான காலத்தில் அது மனிதரையும் ஓசைகளையும் கண்டு பழகாவிட்டால் வாழ்நாள் முழுதும் அஞ்சக்கூடும். இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டுக்கு இதனால் குட்டியைவிட, காப்பகத்தில் தத்தெடுப்பை எதிர்நோக்கும் இரண்டு, மூன்று வயது நாட்டு நாயே பெரும்பாலும் பொருத்தமானது.

நாய் வாங்க எண்ணுவோர் இனத்தையும் விலையையும் விசாரிக்கும் முன், வார நாள்களின் நண்பகலில் தம் வீட்டுக் கதவைத் திறக்கப்போகிறவர் யார் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்த ஆள் கிடைக்கும் வரை நாயைக் கொண்டுவருவதை ஒத்திப்போடுவதே முறை.