மேடை விளக்கு அணைந்த பின்பு



உங்கள் மகன் சபையிலே கீபோர்டு வாசிக்கிறான். கேட்பவர்கள் எல்லாரும் அவனைப் பாராட்டுகிறார்கள். ஒருநாள் அவன் உங்களிடம் வந்து, "அப்பா, வேறு வேலை வேண்டாம், இசையையே தொழிலாகக் கொள்ளப் போகிறேன்" என்றால் என்ன பதில் சொல்வீர்கள்? நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து குடியேறிய பெற்றோர் பலர் சந்திக்கும் கேள்வி இது. உடனே கடிந்துகொள்ளவும் வேண்டாம். உடனே தலையசைக்கவும் வேண்டாம். அத்தொழிலின் கணக்கை முதலில் அறிந்துகொள்வோம்.

மாதச் சம்பளம் தந்த இசை

இந்நகரம் இசைக்கலைஞருக்குச் சம்பளம் கொடுத்த நகரம். 1939-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு இங்கே தொடங்கிய இசைப்பள்ளியே இன்றைய சுவாதித் திருநாள் இசைக்கல்லூரி. தமிழகத்திலிருந்து வந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றனர். 1943-இல் திருவிதாங்கூர் வானொலி தொடங்கியது. 1950-இல் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. இவ்விடங்களில் பணி பெற்ற கலைஞருக்கு மாதம் பிறந்தால் ஊதியம் உண்டு.

நெய்யாற்றின்கரை வாசுதேவனை எண்ணிப் பாருங்கள். எளிய குடும்பத்தில் பிறந்தவர். திருப்பூணித்துறை இசைக்கல்லூரியில் ஆசிரியராகவும், பின்பு திருவனந்தபுரம் வானொலியிலும் பணியாற்றினார். 2004-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2008-இல் மறைந்தார். அவருடைய கச்சேரிகளுக்கு அடியிலே ஓர் உத்தியோகம் அஸ்திவாரமாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். அப்படிப்பட்ட இடங்களோ மிகச் சிலவே. இசை கற்ற மற்றவர்கள் எங்கே போவார்கள்?

மேடையே வாழ்வானவர்

அவர்கள் மேடைக்குப் போனார்கள். கேரளத்தில் "கானமேளா" என்னும் மெல்லிசை நிகழ்ச்சியின் முன்னோடிகளில் ஒருவர் எடவா பஷீர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் வர்க்கலைக்கு அருகிலுள்ள எடவா அவருடைய ஊர். சுவாதித் திருநாள் இசைக்கல்லூரியில் பயின்றவர். திரைப்படங்களில் அவர் பாடியவை மிகச் சிலவே. ஆயினும் தமது குழுவோடு ஊர் ஊராகச் சென்று பல்லாண்டுகள் பாடினார். 2022 மே 28 அன்று ஆலப்புழையில் ஓர் இசைக்குழுவின் பொன்விழா மேடையில் பாடிக்கொண்டிருக்கையிலேயே சரிந்து விழுந்து உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 78. மேடைக் கலைஞனுக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று விதிக்கப்படவில்லை. ஓய்வூதியமும் தானாக வந்து சேர்வதில்லை.

ஓராண்டின் கணக்கு

அன்பரே, ஓர் இரவுக்குக் கிடைக்கும் தொகையைப் பன்னிரண்டு மாதத்தால் பெருக்கிப் பார்க்காதிருங்கள். ஜனவரி முதல் மே வரை திருவிழாக்காலம், பின்பு ஓணம், இறுதியில் கிறிஸ்துமஸ். இடையிலே இடவப்பாதி மழை வந்தால் திறந்தவெளி மேடைகள் ஓய்ந்துவிடும். கர்க்கடக மாதத்தில் இந்துக்கள் வீட்டில் கல்யாணமும் இராது. விசுவாசியான வாலிபன் கோயில் திருவிழா மேடைகளை மனச்சாட்சியினிமித்தம் தவிர்த்தால், அக்காலத்து வருமானத்தின் பெரும்பகுதியையும் விட்டுவிட நேரிடும். அதை இப்போதே அவனோடு மனந்திறந்து பேசுங்கள்.

பேசிய தொகை முழுவதும் ஒருவர் கைக்கு வருவதுமில்லை. பாடகர், கீபோர்டு, கிட்டார், ரிதம் பேட் வாசிப்பவர் என எல்லாருக்கும் பங்கு உண்டு. வண்டி வாடகையும் ஒலிபெருக்கி வாடகையும் முன்னதாகவே கழியும். பிறர் இயற்றிய பாடலை மேடையில் வாசிப்பவருக்கு அப்பாடலின் உரிமைத்தொகையும் கிடையாது. இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தின் தடை உள்ளபடியால் நேரமும் சுருங்கிவிட்டது.

நாட்டுக்குத் துன்பம் வந்தால் முதலில் நிற்பது பாட்டுத்தான். 2018-இல் பெருவெள்ளத்தினாலும், 2024-இல் வயநாடு நிலச்சரிவினாலும் அரசு தன் ஓணக் கொண்டாட்டங்களைக் கைவிட்டது. துக்கத்தில் அது தகுதியான செயலே. ஆனால் அந்த வாரத்தை நம்பிக் கடன் வாங்கியிருந்த கலைஞனை நினைத்தவர் எத்தனை பேர்? 2020-இல் பொதுமுடக்கம் வந்ததோ மார்ச் மாதத்தில்; அதாவது அறுவடைக்காலத்தின் நடுவிலே!

நாம் செய்ய வேண்டியது

வாலிபனே, உன் தாலந்தை அசட்டை பண்ணாதே. ஆயினும் மழை மாதங்களுக்கென்று திருவிழா மாதங்களிலேயே எடுத்து வை. பிள்ளைகளுக்கு இசை கற்பித்தல், ஒலிப்பதிவுக்கூடப் பணி, கருவி பழுதுபார்த்தல் ஆகியவற்றில் ஒன்றையாவது கற்றுக்கொள். முன்பணம் பெறாமலும், பேசிய தொகையை எழுதி வாங்காமலும் புறப்படாதே. கேரளத்தில் கலைஞர்களுக்கென 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கலாசாரப் பணியாளர் நலநிதி வாரியம் இயங்குகிறது. தகுதியிருந்தால் இளமையிலேயே சேர்ந்துகொள்; முதுமையில் தேடினால் வாசல் அடைபட்டிருக்கும்.

கலைஞனை அழைப்பவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நெகேமியாவின் புத்தகத்தை வாசித்துப் பாருங்கள். பாடகருக்கு அன்றாடப் படி கொடுக்க ராஜாவின் கட்டளையே இருந்தது. பின்பு ஒரு காலத்தில் அவர்களுடைய பங்கு கொடுக்கப்படாமற்போகவே, அவர்கள் பணியை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். நெகேமியா கடிந்துகொண்டது ஓடிப்போனவர்களை அல்ல, கொடுக்கத் தவறிய அதிகாரிகளையே.

கல்யாண வீட்டிலும் கன்வென்ஷன் பந்தலிலும், "தம்பி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிய நாட்கள் நமக்கும் உண்டல்லவா? நள்ளிரவில் கருவியைத் தோளில் சுமந்து பேருந்துக்கு நிற்கிறவனுக்கும் வீட்டிலே பாலுக்கு அழும் குழந்தை இருக்கிறது. மேடை விளக்கு அணையுமுன் அவன் கூலியை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.