டாபர்மேனும் அரியலூர் அம்மோனைட்டும்

டாபர்மேன் என்பது முதலில் நாயின் பெயர் அல்ல, ஓர் ஆளின் பெயர். ஜெர்மனியின் அப்போல்டா நகரில் வரி வசூலித்து வந்த கார்ல் ஃப்ரீட்ரிக் லூயிஸ் டாபர்மேன், காவலுக்குத் தோதாக ஒரு நாயினத்தை வளர்த்தெடுத்தார். 1894இல் அவர் காலமானார். பெயர் நாய்க்குத் தங்கிவிட்டது. ஜாக் ரஸ்ஸல் டெரியரின் பெயருக்கு உரியவர் ஓர் இங்கிலாந்துப் பாதிரியார். நம் பக்கத்து வழக்கம் வேறு. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை எல்லாமே ஊர்ப்பெயர்கள். எத்தனை தலைமுறை வளர்த்தாலும் எவரும் தம் பெயரை நாய்க்கு வைத்துவிட்டுப் போகவில்லை.

இந்த இரண்டு வழக்கமும் கலந்து கிடக்கும் இடம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண். இங்கே பெயர் பெற்றவை நாய்கள் அல்ல, கடல்வாழ் உயிர்கள்.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் காரை, குளக்காநத்தம் பகுதிகள் கடலுக்கடியில் இருந்தன. பழைய பெருங்கண்டமான கோண்டுவானா உடைந்து இந்தியா விலகியபோது காவிரிப் படுகை தாழ்ந்தது, கடல் உள்ளே வந்தது. அதில் நீந்தியவை அம்மோனைட்டுகள். சுருள் ஓட்டுக்குள் குடியிருந்த இவை கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்து உறவு. ஓட்டை அறை அறையாகத் தடுத்து, அறைகளில் வாயு நிரப்பி மிதந்தன. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த அதே பேரழிவில் இவையும் முடிந்தன. சிமென்ட் ஆலைகள் இன்று வெட்டியெடுக்கும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச்சென்ற சொத்து.

இந்தப் படுகையின் புதைபடிவங்களுக்கு முதலில் பெயர் வைத்தவர் இந்தியாவுக்கே வராதவர். சென்னை சிவில் சர்வீஸ் அதிகாரி கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் திரட்டிய கற்கள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்து 1846இல் எழுதிய எட்வர்ட் ஃபோர்ப்ஸ், அம்மோனைட்டுகளுக்கு நம் தெய்வங்களின் பெயர்களை வரிசையாகச் சூட்டினார்: பிரம்மா, விஷ்ணு, இந்திரா, வருணா, சூர்யா. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டிய பெயர்கள் விலங்கியல் பதிவேட்டில் ஏறின. கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்தில் பலவும் அம்மோனைட் கல்தான். அதை நம்மவர்கள் விஷ்ணுவாகவே பூசை செய்கிறார்கள். அம்மோனைட் என்ற பெயரும் செம்மறிக் கொம்பு கொண்ட எகிப்தியக் கடவுள் அமுனிடமிருந்து வந்ததே. சுருளைக் கண்டால் சாமி நினைவு வருவது ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை போலும்.

அடுத்து வந்தவர்கள் சாமியை விட்டு ஆசாமியைப் பிடித்தார்கள். விலங்கியல் பெயரிடலில் ஒரு விதி உண்டு. ஆணின் நினைவாக வைத்தால் பெயரின் கடைசியில் வழக்கமாக 'ஐ' என்ற லத்தீன் விகுதி வரும், பெண்ணாக இருந்தால் 'ஏஇ'. இந்த வட்டாரப் பட்டியல்களைப் புரட்டினால் கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் முதல் விகுதிதான். 1860களில் இங்குள்ள அம்மோனைட்டுகளை விரிவாக எழுதியவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய அவர் 1874இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். அடுத்த ஆண்டே ஸ்டோலிச்கையா என்றொரு அம்மோனைட் பேரினம் பிறந்தது. அவர் தம் சக ஊழியர் தியோபால்டின் பெயரை ஓர் அம்மோனைட்டுக்குச் சூட்டியிருந்தார். பின்னாளில் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தபோது, தென்னிந்தியாவில் அந்தக் கடல் காலத்துக் கிரெட்டேசியஸ் பாறைகளை மறு ஆய்வு செய்த ஆஸ்திரியர் கோஸ்மட்டின் பெயரை முன்னால் வைத்தார்கள். கோஸ்மட்டிசெராஸ் தியோபால்டியானம்! ஒரே ஓட்டுக்குள் இரண்டு புவியியலர்கள்.

ஊர்ப்பெயரும் இல்லாமல் இல்லை. காரப்பாடி என்ற சிற்றூரின் பெயரில் காரப்படைட்டஸ் என்றொரு அம்மோனைட் பேரினம் இருக்கிறது. சிப்பிப்பாறை நாய்க்கு நேர் அண்ணன் என்று இதைச் சொல்லலாம். எனக்குப் பிடித்த பெயரும் இதுதான். எங்கே தேடவேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

பெயரின் ஆயுளைப் பார்க்க வேண்டுமானால் அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டுக்குப் போகவேண்டும். 1980களின் இறுதியில் புவியியலர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் அங்கு கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு பிருகத்காயோசாரஸ் மேட்லியை என்று பெயரிட்டார்கள். மேட்லி, 1929இல் திருச்சி மாவட்ட டைனோசர்களைப் பற்றி எழுதிய ஆங்கிலேயப் புவியியலர். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட விலங்கு, பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி எனத் திருத்தப்பட்டது. அதன் எடை 110 முதல் 170 டன் வரை இருந்திருக்கலாம் என்று 2023இல் ஒரு கணிப்பு வந்தது. கணிப்பைச் சரிபார்க்கத்தான் வழியில்லை, எலும்புகள் பொடிந்து போய்விட்டன. மிஞ்சியவை படங்களும் அளவுகளும் பெயரும்.

அவசரப் பெயர்களும் உண்டு. 2020இல் குன்னம் பக்கம் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது டைனோசர் முட்டை என்று செல்பேசிகளில் செய்தி பறந்தது. வல்லுநர்கள் பார்த்துவிட்டு, வண்டலில் கனிமங்கள் திரண்டு உருண்ட கற்கள்தான் என்றார்கள்.

ஒரு புதைபடிவத்துக்கு வைத்த பெயர் தவறானால் திருத்திக்கொள்ளலாம். எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடைத்தது என்பது தொலைந்தால் திருத்த வழியே கிடையாது; அதன் வயதும், உடன் வாழ்ந்தவை எவை என்பதும் அந்த அடுக்கில்தான் இருக்கின்றன. ஆகவே காரைப் பக்கம் போகிறவர்கள் சுருள் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். வயலிலோ கிணறு தோண்டும்போதோ கிடைத்தால் இடத்தைக் குறித்து, படம் எடுத்து, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.