லாரியில் வரும் கழிவு எங்கே போகிறது?

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் உள்ளது வாலிகண்டபுரம். வாலீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற ஊர். ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில் ஆளுக்கொருவரை ஆதரித்து ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1751-இல் மோதிக்கொண்டதும் இங்கேதான். இன்று இத்தகைய ஊர்களில் வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்துவிட்டது. அதனுடன் செப்டிக் டேங்கும் வந்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்துத் தொட்டி நிரம்பி வழியும்போது ஒரு லாரி வருகிறது. தடித்த குழாயைத் தொட்டிக்குள் இறக்கி, அரை மணி நேரத்தில் உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. வீட்டுக்காரருக்கு அத்துடன் தொல்லை விட்டது. லாரி எங்கே போகிறது என்று அவர் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

முதலில் தொட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் 1895-இல் டொனால்டு காமரன் என்னும் பொறியாளர் அமைத்த தொட்டியே ‘செப்டிக் டேங்க்’ என்ற பெயரைப் பெற்றது. அதற்கு முன்பே, 1881-இல், பிரான்சில் லூயி மூரா என்பவர் இதைப் போன்ற தொட்டிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். தொட்டியில் விழும் கழிவு மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. எண்ணெய்ப் பசையும் நுரையும் மேலே ஆடையாகப் படரும், நடுவில் கலங்கிய நீர், அடியில் கசடு. காற்றில்லாத அடிப்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் கசடை மெல்லச் செரிக்கின்றன. ஆனால் முழுவதும் செரிப்பதில்லை. செரியாத பகுதி ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து, நீர் தங்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. விதிப்படி எடுப்பவர் சிலரே. வழியும் வரை காத்திருப்பவரே அதிகம்.

தொட்டி என்று நாம் சொன்னாலும், பல வீடுகளில் இருப்பது அடித்தளமற்ற உறைக்குழிதான். பெரம்பலூர் வட்டாரத்தில் இதன் விளைவை எளிதில் ஊகிக்கலாம். கரிசல் மண் மழையில் உப்பி இறுகிவிடும். குழியின் நீரை உறிஞ்சாது. குழி விரைவில் நிரம்பும். வெடிப்புள்ள பாறை நிலமோ இதற்கு நேர்மாறு. நீர் வடிகட்டப்படாமலே வெடிப்பு வழியாகக் கிணற்றைத் தேடிப் போய்விடும். குழி நிரம்பவே இல்லை என்று மகிழும் வீட்டுக்காரர் தம் கிணற்று நீரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

தொட்டிக்குள் ஆளை இறக்குவது கொலைக்குச் சமம். காற்றில்லாச் செரிப்பில் மீத்தேனுடன் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றத்தால் அதை அறியலாம் என்று படித்திருப்பீர்கள். ஆனால் அளவு மிகுந்தால் மூக்கின் நுகரும் திறனையே அது மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்குபவர் மேலே வருவதில்லை. அவரைத் தூக்க இறங்குபவரும் வருவதில்லை. கையால் மலம் அள்ளும் பணியில் ஆளை அமர்த்துவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றித் தொட்டிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உறிஞ்சும் லாரி வேண்டியதுதான். லாரி போய்ச் சேரவும் ஓர் இடம் வேண்டும்.

ஒரு லாரியின் எடை

கழிவின் வலிமையை அளப்பது எப்படி? நீரில் கலந்த கழிவைப் பாக்டீரியாக்கள் தின்னும்போது, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. கழிவு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு பிராணவாயு செலவாகும். இதையே உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை என்கிறோம். பிரிட்டனில் 1898-இல் அமைக்கப்பட்ட கழிவுநீர் ஆணையம் இச்சோதனைக்கு ஐந்து நாள் வைத்தது. அந்நாட்டு ஆறுகள் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் எடுப்பதில்லை என்பதே காரணம் என்பார்கள். நம் நாட்டு வெப்பத்தில் பாக்டீரியாக்கள் சுறுசுறுப்பானவை. ஆகவே இங்கே 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் போதும்.

இந்தியப் பொறியாளர்களின் கையேட்டுக் கணக்குப்படி, பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஒருவர் நாளொன்றுக்கு 108 லிட்டர் கழிவுநீர் அனுப்புகிறார். அதில் 27 கிராம் பிராணவாயுத் தேவை அடங்கியிருக்கும். வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 250 மில்லிகிராம். லாரிக் கசடு வேறு வகை. தொட்டிக்குத் தொட்டி அது பெரிதும் மாறும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 1984-ஆம் ஆண்டுக் கையேடு, திட்டமிடுவதற்கு லிட்டருக்கு 7,000 மில்லிகிராம் என்று கொள்ளச் சொல்கிறது. மிதக்கும் திடப்பொருள் 15,000 மில்லிகிராம். அதாவது, 5,000 லிட்டர் கொள்ளும் ஒரு லாரி 35 கிலோ பிராணவாயுத் தேவையைச் சுமந்து வருகிறது. ஏறத்தாழ 1,300 பேர் ஒரு நாள் முழுவதும் அனுப்பும் கழிவுக்கு இது சமம். அந்த லாரி ஓர் ஓடையிலோ ஏரிக்கரையிலோ குழாயைத் திறந்தால், 1,300 பேர் உள்ள ஓர் ஊரின் சாக்கடையே ஐந்து நிமிடத்தில் அங்கே கொட்டியதாகப் பொருள்.

இரண்டு வழிகள்

கசடுக்கென்றே தனி நிலையம் கட்டுவது ஒரு வழி. கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் 2015-இல் அப்படி ஒன்று இயங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலாவது, மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல் வந்தது. அங்கே கசடை மணற்படுகைகளில் பரப்பிக் காயவைக்கிறார்கள்.

நகரத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலேயே கசடையும் சேர்த்துக்கொள்வது மற்றொரு வழி. இதற்கு நமக்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு திருச்சி. 2014-இல் தமிழ்நாடு அரசு கசடு மேலாண்மைக்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம், கோவையை ஒட்டிய பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் ஆகியவற்றுடன் திருச்சியையும் முதற்களமாகக் கொண்டது. அப்போது திருச்சியின் பஞ்சப்பூர் நிலையம் நாளொன்றுக்கு 5 கோடியே 80 லட்சம் லிட்டரைத் தூய்மை செய்யும் அளவில் இருந்தது. லாரிகள் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நகருக்குள் இருக்கும் கழிவுநீர் உந்து நிலையங்கள் சிலவற்றில் கசடை இறக்கினால், அது சாக்கடை நீரோடு கலந்து குழாய் வழியே பஞ்சப்பூர் போய்ச் சேர்ந்தது.

பஞ்சப்பூரில் அன்று இருந்தது குளமுறை. ஆழமான முதற்குளத்தில் கசடு படிந்து காற்றின்றிச் செரிக்கும். ஆழம் குறைந்த அடுத்த குளங்களில் பாசி வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்கும். அதைக் கொண்டு பாக்டீரியாக்கள் எஞ்சியதைத் தின்னும். மின்சாரம் மிகக் குறைவு. நிலம் மிக அதிகம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டுக்கு இது பொருத்தம் என்று நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வுக் கழகத்தார் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். நிலவிலை ஏறிய நகரங்களோ காற்றூட்டும் இயந்திர முறைக்கு மாறுகின்றன. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறைதான் அதற்கு அடிப்படை. தொட்டியில் காற்றை ஊதிப் பாக்டீரியாக் கூட்டத்தை வளர்த்து, படியவைத்து, மீண்டும் தொட்டிக்கே திருப்பி விடுவது அது. குளம் கசடைப் பொறுத்துக்கொள்ளும். காற்றூட்டுத் தொட்டி அவ்வளவு பொறுமையுள்ளதன்று.

ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் சாக்கடை நீர் வரும் நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் பிராணவாயுத் தேவை 2,500 கிலோ. திடப்பொருள் தலைக்கு 40 கிராம் வீதம் சுமார் 3,750 கிலோ. இதில் 20 லாரி கசடைச் சேர்ப்போம். அளவு 1 லட்சம் லிட்டர், நூற்றில் ஒரு பங்கு. யார் பார்த்தாலும் ‘ஊற்றிவிட்டுப் போ’ என்றே சொல்வார்கள். ஆனால் பிராணவாயுத் தேவை 700 கிலோ கூடுகிறது. இது 28 விழுக்காடு. திடப்பொருள் 1,500 கிலோ கூடுகிறது. இது 40 விழுக்காடு. நீரின் அளவை மட்டும் பார்த்து அனுமதி தந்தவர், தம் நிலையத்தின் ஊதுகுழாய்களும் படிவுத் தொட்டிகளும் ஏன் திணறுகின்றன என்று பிறகு தலையைச் சொறிய வேண்டியதுதான்.

நேரமும் ஒரு சிக்கல். லாரிகள் நாள் முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. காலையில் இரண்டு மணி நேரத்தில் பத்து லாரி வந்தால் 350 கிலோ. அதே இரண்டு மணி நேரத்தில் ஊர்ச் சாக்கடை முழுவதும் கொண்டுவருவதோ சராசரியாக 208 கிலோதான்! காற்றூட்டுத் தொட்டியில் பிராணவாயு தீர்ந்து, பாக்டீரியாக்கள் மூச்சுத் திணறும். மாலையில் வெளியேறும் நீர் கலங்கியிருக்கும்.

வரைபடத்தில் என்ன வேண்டும்?

ஆகவே லாரி நேரே சாக்கடைக்குள் ஊற்றக் கூடாது. முதலில் கம்பிச் சல்லடை. துணி, முடி, பிளாஸ்டிக் எல்லாம் அங்கே நிற்கும். பின்பு மணல் தங்கும் தொட்டி. அடுத்து, ஒரு நாள் வரத்தையாவது கொள்ளும் சமன்செய் தொட்டி. பகலில் சேர்த்ததை அங்கிருந்து சிறிது சிறிதாக விட வேண்டும். ஊர் உறங்கி, சாக்கடை வரத்துக் குறையும் இரவே அதற்கு நல்ல நேரம்.

இதைவிடச் சிறந்த வழி, திடப்பொருளை முன்கூட்டியே பிரித்துவிட்டு, தெளிந்த நீரை மட்டும் சாக்கடை நீரோடு சேர்ப்பது. பிராணவாயுத் தேவையில் பாதி திடப்பொருளோடு பிரிந்தது என்று வைத்துக்கொண்டால், 28 விழுக்காட்டுச் சுமை 14 ஆகிவிடும். ஆனால் கசடில் மிகுந்துள்ள அமோனியா நீரோடுதான் போகும். ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற நாலரைக் கிலோவுக்கு மேல் பிராணவாயு வேண்டும் என்பதை ஊதுகருவி வாங்கும்போது மறக்கக் கூடாது.

வாசலில் ஒரு சிறு சோதனையும் தேவை. தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கசடு என்று சொல்லிக் கொண்டுவரும் லாரியும் இருக்கலாம். அமிலமோ சாயமோ ஒரு லாரி போதும், வாரக்கணக்கில் வளர்த்த பாக்டீரியாக் கூட்டம் அழிய. நிறம், வாடை, அமிலத்தன்மை ஆகிய மூன்றையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதிய பிறகே குழாயைத் திறக்க விட வேண்டும்.

காய்ந்த கசடு நல்ல எருவாகும். ஆனால் உருளைப்புழுவின் முட்டை பல மாதங்கள் உயிரோடு இருக்கும். குப்பை எருவைப் போல் குவித்து, உள்வெப்பம் 55 பாகைக்கு ஏறும்படி மக்கவைத்த பின்பே வயலுக்குத் தரலாம். அப்போதும் பெரம்பலூர்ப் பருத்திக்கு இடுவதில் தயக்கம் வேண்டாம். பச்சையாகவே தின்னும் சின்ன வெங்காயத்துக்கு இடுவதில் நான் தயங்குவேன்.

இனி வாலிகண்டபுரத்து லாரிக்கு வருவோம். பஞ்சப்பூர் அங்கிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். போய்வர ஆகும் டீசல் செலவைப் பார்க்கும் ஓட்டுநர், இருட்டிய பிறகு அருகிலுள்ள ஓடையைத் தேடினால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நிலையம் லாரிக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள பெரம்பலூர் நகரைப் போன்ற இடமே இதற்கு இயல்பானது.

2,000 வீடுகள் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தொட்டியையும் ஒழுங்காக எடுத்தால், ஆண்டில் 300 வேலைநாளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லாரிக்குச் சற்று மேல் வரும். இரண்டு என்றே கொள்வோம்: 10,000 லிட்டர். கால் மீட்டர் ஆழத்துக்குப் பரப்பினால் 40 சதுர மீட்டர் படுகை வேண்டும். அதாவது ஒரு நாள் கசடுக்கு ஒரு சென்ட். காயவும் அள்ளவும் பதினைந்து நாள் என்றால் பதினைந்து சென்ட் நிலம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காக மேலே ஒளி புகும் கூரை.

இந்த இரண்டு லாரியையும் பிரிக்காமல் அப்படியே 40 லட்சம் லிட்டர் அளவுள்ள சிறு நகர நிலையத்துக்கு அனுப்பினால், அதன் 1,000 கிலோச் சுமையோடு 70 கிலோ கூடும். அது தாங்கும். ஆனால் நகரைச் சுற்றி இப்படிப் பத்து ஊர்கள் உண்டு. பத்தும் ஒழுங்காகத் தொட்டியைச் சுத்தம் செய்யத் தொடங்கினால் 700 கிலோ. நகரக் குழாய்களை மட்டும் எண்ணிக் கட்டிய நிலையம் அதைத் தாங்காது. படுகைக்கும் சமன்செய் தொட்டிக்கும் இடத்தை முதல் வரைபடத்திலேயே விட்டிருக்க வேண்டும். பத்து ஊர்களின் வீட்டுத் தொட்டிகளை அதற்கும் முன்பே எண்ணியிருக்க வேண்டும்.