வயலுக்கு முன்னால் வாசல்



எங்கள் ஊர் திருமானூர். தெற்கே கொள்ளிடம், ஆற்றைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். எனக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் காய்கறி. பல வருடமாக ரசாயன உரமோ பூச்சிக்கொல்லியோ தொடாத நிலம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான், ஒரு சித்திரை மாதம் எருக்குழியை வெட்டி வயலில் அடிக்கும் வரைக்கும்.

குவியலைக் கூடையில் அள்ளி இறைத்துக்கொண்டிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இது எருவா, குப்பையா? வந்து பாரு." போய்ப் பார்த்தேன். பால் கவர், ஷாம்பு பாக்கெட், மாத்திரை அட்டை, துருப்பிடித்த பேட்டரிக் கட்டை. வெளியில் வாங்கிய எரு என்றால் விற்றவனைத் திட்டலாம். இது என் வீட்டு எரு. சாணியோடு சேர்த்து வீட்டுக் குப்பையையும் நாங்களேதான் அந்தக் குழியில் கொட்டியிருந்தோம். சில சமயம் குப்பையை எரித்து, அந்தச் சாம்பலையும் கொட்டியிருந்தோம்.

அன்றைக்குப் புரிந்தது. வயலில் மருந்து அடிக்காமல் இருப்பது பாதி வேலைதான். வீடு மாறவில்லை என்றால், வயலுக்கு வரக்கூடாதது எல்லாம் வீட்டு வழியாக வந்து சேரும். என் வீட்டை முதலில் சரி செய்தேன். பிறகு பக்கத்து வீடுகள். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்ப் பெண்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் என் களத்து மேட்டிலேயே வீட்டுத்தோட்டமும் குப்பைப் பக்குவமும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சொன்னால் உங்கள் ஊரில் செய்ய உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வகுப்பு படு தோல்வி

முதல் ஞாயிறு இரண்டு மணி நேரம் பேசினேன். பசுமைப் புரட்சியில் தொடங்கிப் புவி வெப்பமாவது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. கடைசியில் ஆளுக்கு ஐந்து வகை விதை கொடுத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து விசாரித்தால் பாதி விதை பொட்டலத்திலேயே இருந்தது. விதைத்தவர்களில் பலர் சமையலறைக் கழிவை அப்படியே தொட்டியில் கொட்டியிருந்தார்கள். பச்சைக் கழிவு மக்கும்போது சூடு கிளம்பும், வேர் வெந்துவிடும். நாற்று செத்துப்போனது. "நமக்கெல்லாம் செடி வராதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை, என் வரிசை மேல். விதையை முதலில் கொடுத்தேன். அதைக் கடைசியில் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்த முறை வரிசையை மாற்றினேன்: முதலில் குப்பை, அப்புறம் தண்ணீர், கடைசியில் விதை. தன் கையால் ஒரு வாளி எரு செய்து காட்டாதவருக்கு விதை கிடையாது.

குப்பை

"ஒரு நாள் வீட்டுக் குப்பையைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துட்டு வாங்க" என்பேன். தார்ப்பாயை விரித்து எல்லாருடைய குப்பையையும் கொட்டுவோம். முதலில் மூக்கைப் பொத்துவார்கள், கால் மணி நேரத்தில் பழகிவிடும். மூன்றாகப் பிரிக்கச் சொல்வேன்: மக்குவது, மக்காதது, ஆபத்தானது. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே இப்படி மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. நம் ஊராட்சிகளில் வீடு வீடாக வரும் தூய்மைக் காவலர் பாதி நாள் செய்யும் வேலை, நாம் கலந்துவிட்டதைப் பிரிப்பதுதான். அவர் வெறுங்கையால் கிளறுகிற வேலையை நாம் அடுப்படியிலேயே முடித்துவிடலாம்.

பிரித்து முடித்ததும் குவியல்களைப் பார்க்கச் சொல்வேன். பெரிய குவியல் எப்போதும் மக்குவதுதான். "இவ்வளவு எருவையா தெருவுல கொட்டினோம்?" என்று அவர்களே கேட்பார்கள். நான் பேசியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

எரு செய்ய இரண்டு பழைய பெயிண்ட் வாளி போதும். நன்றாகக் கழுவி, அடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, செங்கல் மேல் வைக்க வேண்டும். அடியில் நான்கு விரல் உயரம் காய்ந்த சருகு. ஒரு கை காய்கறிக் கழிவுக்கு இரண்டு கை சருகு. மேலே ஒரு பிடி பழைய எரு அல்லது தோட்டத்து மண், கொஞ்சம் புளித்த மோர். மூடி வைத்து வாரம் ஒரு முறை கிளற வேண்டும். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். எறும்பு மொய்த்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். மீன், கறி, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். ஒரு வாளி நிறைந்ததும் அதை மூடி வைத்துவிட்டு அடுத்ததில் போட வேண்டும். இரண்டு மாதத்தில் முதல் வாளி கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண்ணின் வாசம் வரும். அதுதான் பக்குவம்.

சருகையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து எரிக்கிற பழக்கத்தை நிறுத்துவதுதான் கஷ்டம். பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்ற நஞ்சு வருகிறது. புகை குழந்தைக்கு, சாம்பல் எருக்குழிக்கு, எருக்குழி வயலுக்கு. இந்தப் பாதையை எங்கள் வீட்டுக் குழியைக் காட்டித்தான் சொல்கிறேன்.

ஆபத்தானது என்ற மூன்றாவது குவியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வகுப்புக்கு வந்த ஒரு பையன் தன் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு குளிர்பான பாட்டில் இருப்பதாகச் சொன்னான். போய்ப் பார்த்தோம். அரை பாட்டில் பூச்சிக்கொல்லி. ரோஜாச் செடிக்கு அடிக்க என்று யாரிடமோ கேட்டு வாங்கி ஊற்றி வைத்தது. பக்கத்திலேயே நல்லெண்ணெய். அந்த வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் முதல் வீட்டுப்பாடம் இதுதான்: வீட்டில் மருந்து பாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வேறு பாட்டிலில் ஒருபோதும் மாற்றாதீர்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் என்ன மருந்து என்று மருத்துவருக்குச் சொல்ல அந்த லேபிள்தான் வேண்டும். மீதியைச் சாக்கடையிலோ கிணற்றிலோ கொட்டாதீர்கள். காலி டப்பாவைத் தண்ணீர் மொள்ளக்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

தண்ணீர்

இரண்டாவது பாடம் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 500 லிட்டர். பிள்ளைகளை நாடாவோடு அவரவர் மாடியை அளக்கச் சொல்வேன். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது. பல வீட்டில் குழாய் இருக்கும், தொட்டிக்குப் போகிற இடத்தில் உடைந்திருக்கும். அதைச் சரி செய்ய ஒரு முழங்கைக் குழாய் போதும்.

பாத்திரம் கழுவுகிற தண்ணீரைத் தெருவில் விடாமல் வாழை, சேம்பு, கல்வாழைக்குத் திருப்பச் சொல்கிறோம். கீரைக்கும் முள்ளங்கிக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம். சோப்புத் தூளில் உள்ள சோடியம் தொடர்ந்து சேர்ந்தால் களிமண் இறுகிப்போகும். தண்ணீர் உள்ளே இறங்காது. முடிந்தவர்கள் பூந்திக்கொட்டை, சீயக்காய்க்கு மாறலாம். முடியாதவர்கள் தூளைப் பாதியாக்கலாம்.

"நம்ம வீட்டுச் சாக்கடையால என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்ட இளைஞர்களை ஒரு தை மாதம் கரைவெட்டிக்குக் கூட்டிப் போனேன். எங்கள் ஒன்றியத்து ஏரிதான். புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் வருகிறது. அதில் நாமும் பயிர் செய்கிறோம். இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து அங்கே வருகிறது. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் அந்த ஏரி சேர்ந்தது. வாய்க்காலில் கவர் மிதந்து வருவதையும் மதகில் சிக்கி நிற்பதையும் பிள்ளைகளே பார்த்தார்கள். அந்தக் கேள்வியை அப்புறம் யாரும் கேட்கவில்லை.

விதை

கடைசியாகத்தான் மண்ணும் விதையும். தொட்டிக்கு ஒரு பங்கு மண், ஒரு பங்கு தாங்கள் செய்த எரு, ஒரு பங்கு மக்கிய தென்னை நார்க் கழிவு அல்லது உமி. சிலர் ஆற்று மணல் கேட்பார்கள். கொள்ளிடத்தில் மணல் குவாரி வேண்டாம் என்று வீதிக்கு வந்து போராடிய ஊர் இது. தொட்டிக்காகக்கூட அதை அள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

முதலில் ஒரே ஒரு பயிர்: தண்டுக்கீரை. 25, 30 நாளில் பறித்துவிடலாம். பிள்ளைகளுக்குப் பொறுமை போவதற்குள் குழம்பில் வந்துவிடும். அது தேறினால் வெண்டை, கத்தரி. ஆடியில் அவரை, புடலை, பீர்க்கு. எல்லாம் நாட்டு விதை. நல்ல செடியில் நல்ல காய் ஒன்றை முற்றவிட்டு, அதன் விதையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். வகுப்புக்குக் கட்டணம் அவ்வளவுதான்.

பூச்சி வந்ததும் "எதை அடிக்கட்டும்?" என்றுதான் போன் வரும். "மூணு நாள் ஒண்ணும் அடிக்காம பாரு" என்பேன். அசுவினி இருக்கும் செடியில் பொறிவண்டின் புழுவும் இருக்கும். அது அசுவினியைத் தின்று தீர்ப்பதைப் பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். அப்போதும் அடங்கவில்லை என்றால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் பூந்திக்கொட்டைக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளிக்க வேண்டும். கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு. அந்த நுனியைக் கிள்ளி அழித்துவிட வேண்டும்.

நமக்கு இதில் என்ன லாபம்?

தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் தொடர்கிறார்கள். அதை மறைக்கவில்லை. ஆனால் தொடர்கிறவர்கள் ஆளே மாறிவிட்டார்கள். முன்பு என்னிடம் கத்தரிக்காய் வாங்கிய ஒரு அம்மா, "ஓட்டையா இருக்கு, மருந்து அடிக்க மாட்டீங்களா?" என்று திருப்பிக் கொடுத்தவர். வீட்டில் மூன்று செடி வளர்த்துப் பார்த்தார். போன மாதம் வந்து, "ஒரு செடிக்கே இவ்வளவு பாடு. நீங்க எப்படிண்ணே இந்த விலைக்குக் குடுக்கிறீங்க?" என்று கேட்டார். அவர் இனிமேல் என்னிடம் பேரம் பேசமாட்டார். நஞ்சில்லா உணவுக்கு விளம்பரம் தேடுகிறோம். ஒரு தொட்டிச் செடி அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்துதான் இதைக் கொண்டுபோனார். நாம் ஊர் ஊராக நடக்க வேண்டாம். உங்கள் தெருவில் ஐந்து வீடு போதும். பேசாதீர்கள், தார்ப்பாயை விரியுங்கள். முதல் குப்பை உங்கள் வீட்டுக் குப்பையாக இருக்கட்டும்.

இந்தச் சித்திரையிலும் எருக்குழியை வெட்டினோம். அதே அக்காதான் இறைத்தார். "தேவலை தம்பி" என்று சொல்லி, மூன்று ஷாம்பு பாக்கெட்டை மட்டும் என் கையில் கொடுத்தார். எறியாமல் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு வகுப்பில் முதலில் காட்ட வேண்டும்.