ரேடியோகிராம் இரைகிறதா?

நம் சங்க அன்பர் ஒருவர் கரமனையில் வீடு மாறும்போது, தகப்பனார் காலத்து ரேடியோகிராமை ஆக்ரிக்காரருக்கு எடைக்குப் போட்டுவிடலாம் என்றிருந்தார். "பாட்டைவிட இரைச்சல்தான் ஸார் அதிகம். கடையில் காட்டினால், உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு டிரான்சிஸ்டர் போர்டு வைக்க வேண்டும் என்கிறார்கள்" என்றார். கூடவே தகப்பனார் சேர்த்த ஒரு பெட்டி இசைத்தட்டுகளும் போவதாக இருந்தன. "இரண்டு நாள் பொறுங்கள்" என்றேன்.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்த எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு விளக்கு எரியவில்லை என்றால் ஸ்டேஷன் முழுவதையும் பிரிக்க மாட்டோம். கம்பி போகும் வழியில் பாதியில் நின்று மீட்டரை வைப்போம். கோளாறு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். ரேடியோகிராமில் அந்தப் பாதி வழி வால்யூம் கண்ட்ரோல்தான். அதை அடியோடு குறைத்துப் பாருங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் கோளாறு அதற்குப் பின்னால்: பவர் சப்ளை, அவுட்புட் வால்வு. குறையக் குறைய இரைச்சலும் குறைந்தால் முன்னால்: ஊசி, அதன் ஒயர், முதல் வால்வு.

பெட்டியைத் திறக்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே பெரிய கண்டென்ஸரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும். ஒரு தடவை அதில் விரல் பட்டு, எதிர்ச் சுவரில் போய்ச் சாய்ந்தேன். அன்று முதல் என் மனைவி பக்கத்தில் நிற்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க விடுவதில்லை. 2 கிலோ ஓம், 5 வாட் ரெஸிஸ்டர் ஒன்றை காப்பிட்ட ஒயரில் கட்டி, கண்டென்ஸருக்கும் சேஸிக்கும் இடையே சில விநாடி பிடித்து, மீட்டரில் வோல்ட் பூஜ்யம் ஆனதைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். வால்வு எண் 'யு' என்ற எழுத்தில் தொடங்கும் ஏசி/டிசி செட்டுகளில் சேஸியே மெயின் லைனோடு சேர்ந்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் அவற்றைத் தொடவே வேண்டாம்.

வருடக்கணக்கில் பரணில் கிடந்த செட்டை நேராக பிளக்கில் சொருகக் கூடாது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து ஓட்டுங்கள். பல்பு முதலில் பளிச்சிட்டு மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். உடனே நிறுத்திவிட வேண்டும்.

அன்பரின் செட்டில் வால்யூமைக் குறைத்தும் 'ம்ம்' என்ற ரீங்காரம் நிற்கவில்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ரெக்டிஃபயர் வால்வு அதன் இரு பாதியையும் நேராக்குவதால், ஃபில்டர் கண்டென்ஸர் உள்ளே காய்ந்துபோனால் எழும் ஒலி 100 சுழற்சி. எர்த் கோளாறால் வருவது பெரும்பாலும் 50. ஒன்றுக்கு மற்றொன்று சரியாக மேல் ஸட்ஜம். வீணை பயின்ற என் மனைவி, நான் மீட்டரைத் தேடுமுன் "இது மேல் ஸ்தாயி" என்றாள். 47 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட் கண்டென்ஸர் இரண்டு மாற்றினேன். பெரிதாகப் போட்டால் நல்லது என்று 200 போடுகிறவர்கள் உண்டு. ஈஇஸட் 80 போன்ற ரெக்டிஃபயர் வால்வு 50-க்கு மேல் தாங்காது.

ரீங்காரம் போயிற்று. ஆனால் தட்டைப் போட்டால் பாட்டு கிணற்றுக்குள் இருந்து வந்தது. வால்யூமை முழுக்க ஏற்றினால் பாட்டோடு இரைச்சலும் ஏறியது. இது நம் கடற்கரை ஊருக்கே உரிய வியாதி. பழைய ஊசித் தலைகளில் உள்ள படிகம் ரோஷல் உப்பு என்பது; ஈரக்காற்றை உறிஞ்சிச் செத்துப்போகும். திருவனந்தபுரத்து மழைக்காலங்களை அது எப்படித் தாங்கும்? ஈரத்துக்கு அஞ்சாத செராமிக் தலை ஒன்றை மாற்றி, அறுந்திருந்த எர்த் ஒயரையும் பற்றவைத்தேன்.

வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு போதும். பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெல்லத் தட்டும்போது மணி போல் ஒலித்தால் அந்த வால்வையும், கரகரத்தால் முதலில் அதன் சாக்கெட் கால்களையும் பாருங்கள். பாட்டு கர்ணகடூரமாகி அவுட்புட் வால்வு அளவுக்கு மீறிச் சுட்டால் கப்ளிங் கண்டென்ஸர் கசிகிறது. ஈஎல் 84 வால்வின் இரண்டாவது காலில் வோல்ட் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். பாசிட்டிவ் காட்டினால், வால்வை மாற்றுமுன் அதை மாற்றுங்கள். கடைக்காரர்கள் பலர் வால்வைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். ஒரு மாதத்தில் புது வால்வும் போய்விடும்.

வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருப்பவர்கள், அங்கே காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளைப் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் ஸீபர்க் கம்பெனி நூறு பாட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியை 1948-ல் கொண்டுவந்தது. அதற்குள்ளும் வால்வும் கண்டென்ஸரும்தான். பார்க்கும் முறையும் இதேதான்.

அன்பரின் ரேடியோகிராம் இப்போது புது வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. காதை ஸ்பீக்கரில் ஒட்டி வைத்தால் மெல்லிய ஓர் இரைச்சல் இன்னும் கேட்கும். அதை அப்படியே விட்டுவிட்டேன்.