மூடுபனி மேல் போட்ட பழி

மாலை ஆறு மணிக்கு ஹட்டனில் பனி இறங்கும். நகருக்கு மேலே ஒரு மேட்டிலிருந்து டிக்கோயாப் பக்கத் தோட்ட டிவிசன் ஒன்றுக்கு நண்பர் இழுத்திருந்த வைஃபை இணைப்பும் அதே ஆறு மணிக்குப் படுத்துவிடும். நடுவே 6 கிலோமீற்றர் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு தட்டுகள். "பனி எறங்குனா லைன் போயிரும் தம்பி, அது அப்பிடித்தான்" என்று மேட்டில் காவலிருக்கும் பெரியவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

நானும் நம்பினேன். மழை வலுத்தால் டிஷ் டிவி படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுபோவதை மலையகத்தில் பார்க்காத வீடு கிடையாது. ஆனால் அந்த டிவி வருவது 12 கிகாஹெர்ட்ஸ் அளவில். மழைத்துளி வேலையைக் காட்டத் தொடங்குவது ஏறத்தாழ 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலேதான். எங்கள் பழைய தட்டுகள் பேசிக்கொண்டதோ 2.4இல். பனித்துளி மழைத்துளியிலும் எத்தனையோ மடங்கு சிறியது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது இருப்பதே தெரியாது.

மரம் வேறு கதை. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் நேர்கோடு மட்டும் வெட்டவெளியாக இருந்தால் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றி நடுப்பருத்த ஒரு குழாயே வெறுமையாக இருக்கவேண்டும். 6 கிலோமீற்றருக்கு அதன் நடுப்பகுதி ஆரம் ஏறத்தாழ 14 மீற்றர். தேயிலைக்கு நிழலாக நட்ட கிரவேலியா மரம் நாலு வருடத்தில் வளர்ந்து அதற்குள் தலையை நீட்டிவிடும், ஈர இலை அலையை விழுங்கும். இதையும் பார்த்தோம். மரம் ஒதுங்கித்தான் நின்றது. மரம்தான் காரணமென்றால் காலையிலும் லைன் போகவேண்டுமே! விடிகாலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தோம். கைக்கெட்டும் தூரத்துக் கொழுந்து தெரியாத பனி. இணைப்போ அசையாமல் நின்றது.

அப்படியானால் ஆறு மணிக்கு இறங்குவது பனி மட்டுமல்ல. வேலை முடித்துச் சனங்கள் வீடு திரும்புகிறார்கள், பிள்ளைகள் கைப்பேசியோடு உட்காருகிறார்கள், கீழே நகரில் ரவுட்டர்கள் விழித்துக்கொள்கின்றன. உயரத்தில் நிற்கும் தட்டுக்கு இது பெரிய தொல்லை. எட்டத்தில் இருப்பதைக் கேட்கத்தான் மலையுச்சிக்கு ஏற்றுகிறோம். ஏறினதும் ஊரே கேட்கிறது. வைஃபைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு: யாராவது பேசினால் வாய்மூடிக் காத்திருக்கும். ஆனால் எதிர்மலையில் இருக்கும் ரேடியோவுக்கு நம் காதருகே யார் சத்தம் போடுகிறார்கள் என்பது தெரியாது. அது பாட்டுக்குப் பேசும், நமக்கு ஒன்றும் விளங்காது. அத்தனை தூரம் கடந்து வந்து சேரும் அலை, ஒரு வாட்டின் பல கோடியில் ஒரு பங்குதான்.

இடமும் குறைவு. 2.4 அலைவரிசையில் 13 சனல்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கேட்கிறது. பத்தடிக் காம்பராவில் மூன்று குடும்பம் இருப்பதுபோலத்தான். ஒன்றோடொன்று இடிக்காமல் இருப்பவை பொதுவாக 1, 6, 11 மூன்றே. இதற்குள் மைக்ரோவேவ் அடுப்பும் 2.45இல் வந்து நுழைகிறது. உரிமம் கேட்காத அலைவரிசை என்பதால், இன்னொருவர் இடைஞ்சல் செய்கிறார் என்று தொலைத்தொடர்பு ஆணைக்குழுவிடம் போய் நிற்கவும் வழியில்லை.

எங்களுக்கு முன்பே இதில் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களை நீண்டதூர வைஃபையால் இணைத்தது. நோயாளி கிராமத்தில், டொக்டர் திரையில். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழு அதற்குத் துணைநின்றது. நீண்டதூர வைஃபை இணைப்புகளில் தரவுப் பொதிகள் ஏன் தொலைகின்றன என்று அதே குழு அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, முதன்மைக் காரணமாகக் காட்டியது அக்கம்பக்கத்து வைஃபையின் குறுக்கீட்டை.

குறுக்கீட்டைக் கண்ணால் பார்க்க உதவும் கருவிதான் ஸ்பெக்ட்ரம் அனலைசர். பழைய வானொலிப் பெட்டியில் இலங்கை வானொலி தேடி முள்ளை மெல்ல நகர்த்துவோமே, அதேதான். இங்கே முள் தானாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறது. ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு சத்தம் என்று கோடு வரைகிறது. சத்தமில்லாத இடம் புல்தரை, சத்தமுள்ள இடம் மேடு. ஆய்வுகூடத்தில் வைக்கும் ரகம் பல ஆயிரம் டொலர். 2005இல் மெட்டாகீக் என்ற அமெரிக்க நிறுவனம் வை-ஸ்பை என்று ஒரு யுஎஸ்பி துண்டை இறக்கியபோது விலை முதல்முறையாகச் சாதாரண ஆளின் கைக்கு இறங்கியது. 2012இல் டிவி பார்க்கச் செய்த யுஎஸ்பி துண்டுகளையே அலை ஆராயப் பயன்படுத்தலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். 2020இல் எரிக் காஷூக் என்ற நெதர்லாந்துக்காரர் வடிவமைத்த டைனிஎஸ்ஏ வந்தது, சட்டைப்பையில் அடங்கும்.

வாங்கப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முதலில் வந்த மலிவான டைனிஎஸ்ஏ 960 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டிவி துண்டுகளில் பரவலாகக் கிடைப்பவை 1,700ஐத் தாண்டிக் கொஞ்சம் போகும். இரண்டாலும் வைஃபையைப் பார்க்கவே முடியாது. 2.4க்கு 'அல்ட்ரா' என்ற அடுத்த ரகம் வேண்டும். அது 100 டொலருக்கு மேல். இங்கே வந்து சேரும்போது 40,000 ரூபாவைத் தொடும். 2024இல் 1,350 ரூபாவாக இருந்த தோட்ட நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் முப்பது முழுப் பேர், அதாவது முப்பது நாள் உழைப்பு. மலிவு என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துத்தான் பாவிக்கவேண்டும். யுபிகிட்டி, மைக்ரோடிக் ரேடியோக்கள் பலவற்றில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, காசு கேட்காது. பலவற்றில் அலசும் நேரம் இணைப்பு நின்றுவிடும் என்பதுதான் குறை.

கருவி காட்டுவதை எல்லாம் நம்பவும் கூடாது. வைஃபை விட்டுவிட்டுப் பேசுகிறது, ஒரு பேச்சு ஒரு மில்லிசெக்கனைக்கூட எட்டாமல் முடிந்துவிடலாம். முள் அந்நேரம் வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அதனால் உச்சங்களை அழிக்காமல் பிடித்துவைக்கும்படி அமைத்துவிட்டுப் பத்து நிமிடமாவது காத்திருக்கவேண்டும். நுவரெலியாப் பக்கம் இன்னொரு சிக்கல். பீதுருதாலகால உச்சியில் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது. அதுபோன்ற பெரிய அலை உள்ளே பாய்ந்தால் மலிவுக் கருவி திணறி, இல்லாத மேடுகளைத் தானே வரைந்துவிடும். அலையை 10 டெசிபெல் குறைக்கும் சிறு உலோகத் துண்டை வாயில் மாட்டினால் தெரிந்துவிடும்: நிஜ மேடு 10 இறங்கும், பேய் மேடு அதைவிடக் கூடுதலாகச் சரியும்.

ஒரு மாலை ஐந்தரைக்கு நாங்கள் கருவியோடு மேட்டில் ஏறினோம். உதிரியாகக் கிடந்த தட்டை அதில் கொளுவி, கையில் பிடித்துக்கொண்டேன். ஐந்தே முக்காலுக்குத் திரையில் புல்தரை. ஆறு அடித்தது, பனியும் வந்தது. 2,462 மெகாஹெர்ட்ஸில், அதாவது எங்கள் 11ஆம் சனலிலேயே, ஒரு பெரிய மேடு முளைத்தது.

எந்தத் திசை என்று பார்க்கத் தட்டை ஹட்டன் நகரை நோக்கித் திருப்பினேன். மேடு அப்படியே இருந்தது. டிக்கோயாப் பக்கம், அப்படியே. மலைச்சரிவை, வானத்தை, கடைசியில் தரையைக் காட்டினேன். இம்மி குறையவில்லை. எங்கே திருப்பினாலும் ஒரே அளவு சத்தம் என்றால் அது தூரத்தில் இல்லை.

நண்பர் தலையை நிமிர்த்தித் தூணைப் பார்த்தார். எங்கள் தட்டுக்கு ஒரு முழம் மேலே, மறுபக்கம் திரும்பியபடி இன்னொரு தட்டு. கீழே ஒரு டியூஷன் வகுப்புக்குக் கொடுத்த இணைப்பு. வகுப்பு ஆறு மணிக்குத் தொடங்கும். சனலைத் தானே தேர்ந்துகொள்ளும்படி விட்டிருந்தோம். ஏதோ ஒரு மின்வெட்டுக்குப் பிறகு அது எழும்பி 11ஐப் பிடித்திருக்கிறது.

பெரியவர் கீழிருந்து கேட்டார், "என்னா தம்பி, யாரு கட்டுனது அது?"

போன வருடம் ஏணி பிடித்தவர் நண்பர். ஏறிக் கட்டியது நான்.