வட ஊசியிலைக் காடுகளில் இயற்கை மறுவளர்ச்சி

மனிதர் நடாமலேயே, விதையிலிருந்தோ கிளையிலிருந்தோ புதிய மரங்கள் தோன்றி வளர்வது இயற்கை மறுவளர்ச்சி எனப்படும். கனடா, ஸ்காண்டிநேவியா, பின்லாந்து, உருசியா ஆகிய நிலப்பகுதிகளில் பரந்துள்ள தைகா எனும் ஊசியிலைக் காடுகள் பெருமளவு இம்முறையிலேயே தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன.

விதை முளைக்குமிடம்

இக்காடுகளின் தரையைப் பாசியும் மட்காத ஊசியிலைகளும் மெத்தைபோல் மூடியுள்ளன. மழையில்லாத நாட்களில் இம்மெத்தை விரைவில் உலர்ந்துவிடும். முளைவேர் கீழுள்ள ஈரமண்ணை எட்டுமுன் நாற்று காய்ந்துவிடுகிறது. எனவே பெரும்பாலான விதைகள் வீணாகின்றன. விழுந்து மட்கிய அடிமரங்கள் ஈரத்தைத் தேக்கி வைப்பதால், அவற்றின்மீது ஸ்புரூஸ் நாற்றுகள் வரிசையாக முளைத்திருப்பதைக் காணலாம். காற்றில் மரம் வேரோடு சாய்ந்து மண் வெளிப்பட்ட இடங்களும் முளைப்புக்கு ஏற்றவை.

நிழலில் காத்திருப்பு

நார்வே ஸ்புரூஸ், பால்சம் ஃபிர் ஆகியவை நிழலைத் தாங்குபவை. இவற்றின் கன்றுகள் ஒளி குறைந்த இடத்தில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ வளர்ந்து, பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். உச்சி உயராமல் பக்கக்கிளைகள் விரிவதால் குடை போன்ற வடிவம் பெறும். ஆகவே உயரத்தை வைத்து வயதைக் கணிக்கக் கூடாது. முழங்காலளவு கன்று, பார்ப்பவரைவிட மூத்ததாகவும் இருக்கலாம். ஸ்காட்ஸ் பைன் ஒளி விரும்பி. அடர்நிழலில் நெடுநாள் நீடிக்காது. ஜாக் பைனின் பிசின் பூட்டிய கூம்புகள் பெரும்பாலும் தீயின் வெப்பத்திலேயே திறக்கின்றன.

விதானம் திறக்கும்போது

கிழக்குக் கனடாவில் ஸ்புரூஸ் மொட்டுப்புழு ஏறத்தாழ 30 முதல் 40 ஆண்டுகளுக்கொருமுறை பெருகி, முதிர்ந்த பால்சம் ஃபிர் மரங்களைப் பெருமளவில் அழிக்கிறது. அப்போது கீழே காத்திருந்த கன்றுகள் ஒளி பெற்று உயர்கின்றன. வளர்ச்சி உடனே தொடங்குவதில்லை. நிழலுக்குப் பழகிய ஊசியிலைகள் திடீர் வெயிலில் பழுக்கக்கூடும். வெயிலுக்கேற்ற புதிய இலைகளும் கூடுதல் வேர்களும் உருவாகச் சில ஆண்டுகள் ஆகும்.

பதியம்

மல்லிகையைப் பதியம் போடுவதை நாம் அறிவோம். வட அமெரிக்காவின் கருப்பு ஸ்புரூஸ் இதைத் தானே செய்கிறது. அதன் தாழ்ந்த கிளைகளைப் பாசி மூட, அவ்விடத்தில் வேர்விட்டுத் தனிமரமாகின்றன. சதுப்பு நிலங்களில் இது முக்கியமான வழியாகும்.

மரம் வெட்டுதலும் கன்றுகளும்

கனரக இயந்திரங்கள் கண்டபடி ஓடினால், பல பத்தாண்டுகளாகக் காத்திருந்த கன்றுகள் ஒரே நாளில் நசுங்கிவிடும். பின்னர் நாற்று நட்டாலும் இழந்த காலத்தை மீட்க முடியாது. இதனால் கியூபெக் மாநிலத்தில், இயந்திரங்களைக் குறித்த தடங்களில் மட்டும் செலுத்திக் கன்றுகளையும் மண்ணையும் காக்கும் வெட்டுமுறை பின்பற்றப்படுகிறது. பின்லாந்தின் வனச்சட்டம் 2014 முதல், காட்டை முழுவதும் வெட்டாமல் தேர்ந்த மரங்களை மட்டும் எடுக்கும் முறைக்கும் இடமளிக்கிறது. எனினும் கீழே போதிய கன்றுகள் இல்லாத காட்டில் இம்முறை பயன் தராது. வெட்டுமுன் மேலே உள்ள மரங்களோடு தரையிலுள்ள கன்றுகளையும் கணக்கெடுப்பது அதனால்தான் இன்றியமையாதது.